சாம்பல் நாட்டோடு ஒப்பந்தம்

நெட்டை அண்ணன் கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமையும் நான்கு மாடி படியேறித்தான் வந்தார். ஊரில் பாதி லிஃப்ட் அவர் கை பட்டு ஓடுபவை. ஆனால் எங்கள் கட்டடத்து லிஃப்டில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை. "அதோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. தெரிஞ்சவன் ஏறமாட்டான்" என்பார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு நேராகச் சமையலறைத் தொட்டிக்குப் போவார். துணி சோப்பை எடுத்து முழங்கை வரை தேய்த்துக் கழுவுவார். எவ்வளவு தேய்த்தாலும் கிரீஸ் வாடை போகாது. கிரீஸும் துணி சோப்பும் கலந்த அந்த வாடை வந்தால் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் மூன்று மணி என்று அர்த்தம்.

என் கணவர் பள்ளியில் பூகோளம் நடத்துபவர். அவரும் நெட்டை அண்ணனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் பாடப்புத்தகம் அச்சிடும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. விளையாட்டின் நான்காவது ஆள், இரண்டாம் மாடியில் பல் மருத்துவமனை வைத்திருந்த டாக்டரக்கா.

அந்த விளையாட்டைப் பள்ளி மாணவர்களுக்கென்று வாங்கினார்கள். அது யாருக்கும் புரியாமல் அலமாரியில் கிடந்ததால் என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தடித்த அட்டையில் ஒரு கற்பனைக் கண்டம். டாக்டரக்காவுக்குச் சிவப்பு நாடு. எண்ணெயும் அணைகளும் அவர் கையில். எனக்குக் கடலோர நீல நாடு. இவருக்குப் பச்சை. நெட்டை அண்ணன் விரும்பிக் கேட்டு வாங்கியது சாம்பல் நாடு. கடல் கிடையாது, எண்ணெய் கிடையாது, நான்கு பக்கமும் எல்லை. பொருளாதாரத் தடை, அகதிகள், அமைதிப்படை, பொதுச்சபைத் தீர்மானம் என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் அந்த அட்டையில் உண்டு.

ஆடும் முறை சுலபம். முதல் பத்து நிமிடம் பேச்சுவார்த்தை. யாராவது இரண்டு பேர் சமையலறைப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேசலாம். பிறகு ஆளுக்கொரு சீட்டில் தன் நாடு என்ன செய்யப்போகிறது என்று எழுதி, மூடியில் துளை போட்ட பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். எதுவும் எழுதாத சீட்டு என்றால் அந்த நாடு அசையவில்லை என்று பொருள். டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் படித்துக் காட்டுவது என் கணவர் வேலை. ஓர் ஆட்டம் முடிய ஏழெட்டு மாதமாகும்.

அன்று சிவப்பு நாடு சாம்பலின் கழுத்தைப் பிடித்திருந்தது.

"என்ன மெக்கானிக், உங்க நாட்டுல கோதுமை இருக்கா? இல்ல, கிரீஸ் தடவின ரொட்டிதானா?" என்றார் டாக்டரக்கா.

"அணையத் தொறந்து விட்டா நாங்களே வெளைச்சுக்குவோம் டாக்டரம்மா."

"சபையில தீர்மானம் போட்டு ஜெயிச்சிட்டு வாங்க. தொறக்கறேன்."

"அங்க எவன் எனக்குக் கை தூக்குவான்? எல்லாரும் உங்க எண்ணெயில வண்டி ஓட்டறவன்."

நெட்டை அண்ணனும் என் கணவரும் பால்கனிக்குப் போனார்கள். கதவுக்குப் பின்னால் முணுமுணுப்பும் சிரிப்பும் கேட்டன. திரும்பி வந்தபோது ஒப்பந்த நோட்டை என் முன்னால் வைத்தார்கள். ஒப்பந்தங்களை எழுதிக் கொடுப்பது நான்தான். நான் எழுதியதில் யாரும் இதுவரை ஓட்டை கண்டுபிடித்ததில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. நாட்டின் பெயருக்குப் பதிலாக ஆளையே குறிப்பிட்டு எழுதுவது என் வழக்கம். நாடு செய்ய வேண்டும் என்று எழுதினால் நழுவிவிடுவார்கள். ஆள் செய்ய வேண்டும் என்று எழுதினால் நழுவ முடியாது.

'எங்கள் இருவரில் ஒருவர் மீது எவர் படை வந்தாலும், மற்றவர் அன்றைய தினமே தாமே துணைக்குச் செல்வார். இருவரும் கையெழுத்திட்டு நீக்கினாலன்றி இது நீங்காது.'

நெட்டை அண்ணன் அதை இரண்டு முறை படித்தார். "எங்கயாவது பொத்தல் இருக்கா தங்கச்சி? டாக்டரம்மா பல்லுக்கு நடுவுல கம்பி விடறவங்க."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'மற்றவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு செருகல் குறி போட்டு, ஓரத்தில் இரண்டு சொற்கள் சேர்த்தேன். 'எந்த நிலையிலும்.'

"இப்ப எறும்பு கூட நுழையாது" என்றேன்.

இருவரும் கையெழுத்திட்டார்கள். நெட்டை அண்ணன் டீயைக் குடித்து முடித்து, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

புதன்கிழமை வேறொரு கட்டடத்தில், ஏழாவது மாடியில், லிஃப்ட் குழிக்குள் குனிந்து கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கீழே விழுந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிணவறையில் அடையாளம் காட்டவும், கையெழுத்துப் போடவும், எரித்துவிட்டு வரவும் என் கணவர்தான் போனார். மறுநாள் காலையில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"விழும்போது யாரையாவது கூப்பிட்டிருப்பானா?"

நான்கு வாரம் விளையாடவில்லை. ஐந்தாவது ஞாயிறு இவரே அட்டையை விரித்தார். சாம்பல் நாட்டை எடுத்துவிடலாமா என்று டாக்டரக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆள் வராத நாடு அசையாது. அவ்வளவுதான். ஆட்டம் முடியற வரைக்கும் போர்டுலதான் இருக்கும். அதுதான் ரூல்."

"வாத்தியார், இது அந்த மாதிரி வராம இருக்கறது இல்லையே."

"ரூல்ல அப்படிப் பிரிச்சு எழுதல டாக்டரம்மா."

நெட்டை அண்ணனின் நாற்காலியும் அதே இடத்தில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் எழுதிப் போட்டோம். இவர் டப்பாவைத் திறந்து சீட்டுகளை மேசையில் கொட்டினார்.

நான்கு.

"யாரு ரெண்டு போட்டது?" என்றார் டாக்டரக்கா. யாரும் போடவில்லை. நான்காவது சீட்டில் எழுத்து எதுவும் இல்லை. அசையவில்லை என்று பொருள். எங்களில் ஒருவர் சீட்டைக் கிழித்தபோது இரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்று பேசி முடித்தோம். மறுநாள் பெருக்கும்போது அந்தக் காகிதத்தை எடுத்தேன். மூலையில் ஒரு கருப்பு விரல் ரேகை இருந்தது. முகர்ந்து பார்த்தேன்.

கிரீஸ். துணி சோப்பு.

அடுத்த ஞாயிறு டாக்டரக்கா விவரமாக இருந்தார். சீட்டுக் காகிதத்தை அவரே கிழித்துக் கொடுத்தார். காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஒவ்வொருவரும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போட்டோம். மூன்று மணி வெயில் மேசை மீது விழுந்திருந்தது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு வெளிச்சத்தில் எதுவும் நடக்காது என்று நினைத்தேன்.

அப்போது வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கம்பிக்கதவு இழுபட்டது. யாரும் இறங்கி நடக்கவில்லை.

இவர் டப்பாவைத் திறந்தார். மறுபடியும் நான்கு சீட்டு. இந்த முறை எழுத்து இருந்தது. பென்சிலை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதும் கை. எங்கள் மூவருக்கும் அந்தக் கையைத் தெரியும்.

'பச்சைக்குத் துணை. இருக்கும் இடத்திலேயே.'

டாக்டரக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என் கணவர் அந்தச் சீட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்தது பயமில்லை. ஒன்றரை மாதமாக அவர் முகத்தில் நான் பார்க்காத ஏதோ ஒன்று.

"வந்துட்டான் பாரு" என்றார்.

அதன்பின் அவர் ஞாயிற்றுக்கிழமைக்காகவே உயிரோடு இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். திங்கள் முதல் சனி வரை விடைத்தாள்கள் கட்டுக் கட்டாகத் திருத்தாமல் கிடந்தன. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். ஞாயிறு காலையிலேயே முகம் சவரம் செய்து, வாசல் கதவைத் திறந்து வைத்துவிடுவார். பேச்சுவார்த்தை நேரம் வந்ததும் தனியாகப் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன். இவர் குரல் மட்டும்தான் கேட்டது. பேசுவார், நிறுத்துவார், சிரிப்பார். "அடப் போடா" என்பார். மறுபடி நிறுத்துவார். அந்த இடைவெளிகளில், ஒருவர் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, சரியாக அவ்வளவு நேரம் அமைதியாக இருக்கும்.

மூன்றாவது வாரம் அவர் குளித்துவிட்டு வந்தபோது நகங்களைப் பார்த்தேன். பதினெட்டு வருடமாகச் சாக்பீஸ் பொடி தவிர வேறெதுவும் படியாத விரல்கள். நகக்கண்களில் கருப்பாகக் கோடு கட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"எது?" என்றார். கையைத் திருப்பிப் பார்த்தார். "கழுவினா போயிடும்" என்றார்.

போகவில்லை.

அன்று இரவு அவர் பக்கத்தில் படுத்திருந்தபோது தலையணையிலிருந்து அந்த வாடை வந்தது. அப்போதுதான் நான் எழுதிய வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒருவர் மீது படை வந்தால் மற்றவர் துணைக்குச் செல்வார். தாமே செல்வார். நெட்டை அண்ணன் போயிருக்கும் இடத்துக்கு இவரை இழுக்க ஒரு கயிறு வேண்டுமென்றால், அதைத் திரித்துக் கொடுத்தவள் நான்தான். அதை அறுக்க வேண்டும். வேறெதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

நோட்டின் அடுத்த பக்கத்தில் நீக்கல் ஒப்பந்தம் எழுதினேன். காலையில் அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல கையெழுத்துப் போடுங்க."

படித்துப் பார்த்தார். "அவன் போட்டா நானும் போடறேன்."

"அவரு எப்படிங்க போடுவாரு?"

"சீட்டு எழுதறவன் கையெழுத்துப் போடமாட்டானா?" என்று கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. அந்த அளவுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை மாலை நோட்டைத் திறந்து சாம்பல் நாட்டு நாற்காலியின் முன்னால் வைத்தேன். பக்கத்தில் பென்சிலையும் வைத்து, "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். விட்டுடுங்கண்ணே" என்று காலி நாற்காலியிடம் சொன்னேன்.

ஞாயிறு காலை பார்த்தேன். கையெழுத்துக்கான இடத்தில் கையெழுத்து இல்லை. அதற்குக் கீழே, தனித்தனி எழுத்தில்:

'எதுக்கு தங்கச்சி?'

கோபமாக எழுதியிருந்தால் பயந்திருப்பேன். டீ கொடுத்தால் "சர்க்கரை போட்டியா தங்கச்சி" என்று கேட்பாரே, அதே பிரியம் அந்த எழுத்தில் இருந்தது. தனியாக இருக்கிற ஒருவர் நண்பனைக் கூப்பிடுகிறார். அதில் என்ன தப்பு என்று என்னையே கேட்கிறார்.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டு நோட்டைத் தன் பள்ளிப் பையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

மறுநாள் டாக்டரக்காவின் மருத்துவமனைக்குப் போனேன். நோயாளி யாருமில்லை. பல் பார்க்கும் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, அவர் சுழலும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். பயத்தில் மனுஷி பாதியாகியிருந்தார். ஆனாலும் ஞாயிறு தவறாமல் வந்துகொண்டிருந்தார். ஏன் என்று அதுவரை நான் கேட்கவில்லை.

"உன்னைத் தனியா விட்டுட்டு இருக்க முடியல. அதான்" என்றார். "இங்க பாரு. ஆடற பல்லை வச்சுக்கிட்டு ஒத்தடம் குடுத்துக்கிட்டே இருக்கக் கூடாது. எடுத்துடணும். அந்த நாடு போர்டுல இருக்கறதாலதான் அந்த ஆளு வராரு. நாட்டையே எடுத்துடுவோம்."

"படை அனுப்பினா ஒப்பந்தம் இவரைக் கூப்பிடும்க்கா."

"ஒரே அடியில காலி பண்ணிட்டா? ரூல் புக்குல வரிசை என்ன? மொதல்ல தாக்குதல். படை தோத்த நாட்டை எடுத்து வெளிய வைக்கணும். அப்பறம்தான் ஒப்பந்தம் படிக்கறது. போர்டுலயே இல்லாத நாடு யாரைக் கூப்பிடும்?"

நான் யோசித்தேன். சிவப்பு மட்டும் போனால் சாம்பல் ஒரு சுற்று தாக்குப்பிடிக்கும். நீலமும் சேர்ந்து மேற்கிலிருந்து போனால் ஒரே சுற்றில் முடிந்துவிடும். என் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் மீது எவர் படை வந்தாலும் மற்றவர் அன்றைய தினமே தாமே துணைக்குச் செல்வார். நாடு அழிந்தபின் என்ன ஆகும் என்று அதில் எங்கும் இல்லை. முதல்முறையாக என் எழுத்தில் ஓர் ஓட்டை இருந்ததற்காகச் சந்தோஷப்பட்டேன்.

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. எழுதிய வரி ஞாபகம் இருக்கும். ஓரத்தில் தாங்கள் போட்ட திருத்தம் ஞாபகம் இருக்காது. திருத்திய கணமே அது வேலை முடிந்த விஷயமாகிவிடும்.

அந்த ஞாயிறு மழை வரும்போல் மூட்டமாக இருந்தது. மூன்று மணிக்கு லிஃப்ட் வந்து நின்றது. கம்பிக்கதவு திறந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இவர் பால்கனிக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். நான் என் சீட்டில் 'நீலம், சாம்பல் மீது படை' என்று எழுதினேன்.

அவர் டப்பாவைத் திறந்து படித்தார்.

"சிவப்பு. சாம்பல் மேல படை." டாக்டரக்காவை ஒருமுறை பார்த்தார்.

"நீலம்." என் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. "நீலம். சாம்பல் மேல படை."

அவருடைய சீட்டு வெறுமையாக இருந்தது. பச்சை அசையவில்லை.

நான்காவது சீட்டைப் பிரித்தார். படிக்கவில்லை. மேசையில் எங்களுக்குத் தெரியும்படி வைத்தார்.

'வாத்தி, வா.'

நாங்கள் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே, எங்கள் திட்டம் தெரிந்து எழுதப்பட்ட சீட்டு அது.

டாக்டரக்கா சட்டென்று கையை நீட்டிச் சாம்பல் காய்களை எடுத்து அட்டைக்கு வெளியே வைத்தார். "நாடு போச்சு வாத்தியார். போனது போனதுதான். இனிமே அதுக்கு ஒப்பந்தம் கிடையாது. உங்க ரூல்தான்."

இவர் பையைத் திறந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். பாடம் நடத்தும்போது வரும் அதே குரலில், நிதானமாகப் படித்தார்.

"மற்றவர், எந்த நிலையிலும், அன்றைய தினமே தாமே துணைக்குச் செல்வார்."

ஓரத்தில் என் சிவப்பு மை. என் செருகல் குறி.

"எந்த நிலையிலும்னா நாடு இருந்தாலும் இல்லன்னாலும்தானே?" என்று என்னிடம் கேட்டார். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார்.

"என்னங்க, இது விளையாட்டுங்க."

"தெரியும். விளையாட்டுலயே வாக்குத் தவறறவன் வேற எதுலம்மா காப்பாத்துவான்?"

பச்சைக் காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் சாம்பல் இருந்த கட்டத்துக்குள் வைத்தார். எங்கள் படைகள் அங்கே ஏற்கெனவே நின்றதால், விதிப்படி அவற்றை உடனே அட்டைக்கு வெளியே எடுக்க வேண்டும். அதையும் அவரே எடுத்தார். சாம்பல் காய்களின் பக்கத்தில் வரிசையாக அடுக்கினார். முடிந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்று பொழுது போகிறவரை இந்தக் கையை விடக்கூடாது என்று முடிவு செய்தேன். 'அன்றைய தினமே' என்றுதானே எழுதியிருக்கிறது. இந்த ஒரு நாளைக் கடந்துவிட்டால் போதும். அவர் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு மழை பெய்தது. நான்கரைக்கு, "பசிக்குது" என்றார். எவ்வளவோ நாளைக்கு அப்புறம். டாக்டரக்கா ரொட்டியை வாட்டிக் கொண்டுவந்தார். நான்கு துண்டு சாப்பிட்டார். டாக்டரக்காவைப் பார்த்து, "அணையத் தொறந்திருந்தா இவ்வளவு வந்திருக்காது டாக்டரம்மா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

ஐந்தரைக்கு டாக்டரக்கா கிளம்பினார். படியில் விளக்கு எரியவில்லை, லிஃப்டில் போகவும் பயமாக இருக்கிறது என்றார். "வெளிய விளக்கைப் போடறேன்" என்று இவர் எழுந்தார். ஸ்விட்ச் எங்கள் வாசலிலிருந்து நான்கு எட்டு, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில். டாக்டரக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு அகலத் திறந்திருந்தது. நான் தட்டை எடுத்துத் தொட்டியில் வைக்க மட்டும் கையை விட்டேன்.

தண்ணீர்க் குழாயைக்கூடத் திறக்கவில்லை.

கம்பிக்கதவு இழுபடும் சத்தம் கேட்டது.

நடந்ததை டாக்டரக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதற்குப் பிறகு யார் கேட்டும் சொல்லவில்லை.

"கதவு தானா தொறந்துச்சு. உள்ள பொட்டி இல்ல. இருட்டு. அந்த வாடை. நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், சத்தியமா. 'வந்துட்டேன்டா'ன்னாரு. கையை நீட்டினாரு. யாரும் பிடிச்சு இழுக்கலம்மா. படகுல ஏறும்போது உள்ள இருக்கறவங்க கை குடுப்பாங்கல்ல. அப்படித்தான் இருந்துச்சு. அப்படித்தான் காலை எடுத்து வச்சாரு."

லிஃப்ட் பெட்டி கீழ்த்தளத்தில் நின்றிருந்தது. அதன் கூரை மீது அவர் கிடந்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் கதவை நூறு முறை இழுத்துப் பார்த்தார்கள். பெட்டி இல்லாமல் கதவு திறக்க வழியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவருடைய வலது கையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. எதையோ இறுக்கமாகப் பற்றியிருந்த வாக்கில் மூடியிருந்தது. பிரித்தபோது உள்ளே எதுவுமில்லை. உள்ளங்கை முழுவதும் கருப்பு.

டாக்டரக்கா ஒரு மாதத்தில் மருத்துவமனையைக் காலி செய்துகொண்டு மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னையும் கூப்பிட்டார். "அந்த அட்டையை எரிச்சுட்டு வா" என்றார். நான் எரிக்கவில்லை. எரித்தால் அவர்கள் எங்கே வருவார்கள்?

ஆமாம், வருகிறார்கள். ஞாயிறு மூன்று மணிக்கு லிஃப்ட் வந்து நிற்கிறது. நான் மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பேன். பேச்சுவார்த்தைக்கான பத்து நிமிடம் தொடங்கியதும் சமையலறைப் பால்கனிக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். இப்போது இரண்டு குரலும் கேட்கின்றன. தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் சொல்ல மற்றவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. கல்யாணமான புதிதில் என்னோடு பேசும்போது சிரித்த சிரிப்பு. கதவைத் திறந்தால் ஈரத்துணியும் வெயிலும்தான். சாத்திவிட்டு வந்தால் மறுபடி பேச்சு தொடங்கும்.

"என்னையும் சேத்துக்கங்களேன்" என்று ஒருநாள் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். பேச்சு நின்றது. வெகுநேரம் நின்றது. அவ்வளவுதான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நோட்டில் இருபத்தாறு ஒப்பந்தங்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன. எல்லாரோடும் எல்லாருக்கும் உண்டு. டாக்டரக்காவோடு எனக்கு ஐந்து உண்டு. பச்சைக்கும் நீலத்துக்கும் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒருமுறை நான் கேட்டபோது, "வீட்டுக்குள்ள எதுக்கும்மா ஒப்பந்தம்?" என்று சொல்லிவிட்டார். நானும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

புதிதாக ஒன்று எழுதினேன். நாற்பது வார்த்தை. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து, எங்கும் ஓட்டை இல்லாமல் அடைத்தேன். நாட்டின் பெயர் போடவில்லை. நான், அவர் என்றுதான் எழுதினேன். எனக்கான இடத்தில் கையெழுத்திட்டேன். அவருக்கான இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். ஞாயிறுதோறும் அவர் நாற்காலிக்கு முன்னால் அதை விரித்து, பக்கத்தில் அவருடைய பேனாவை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்படுவார்.

ஆறு மணிக்குத் திரும்பி வந்து பார்ப்பேன். நாற்காலி கொஞ்சம் பின்னால் தள்ளியிருக்கும். பேனா மூடி கழற்றியிருக்கும். காகிதம் அவர் படிக்கும் வாக்கில் லேசாகச் சாய்ந்திருக்கும்.

பதினொரு மாதமாகிறது. அந்தக் கோட்டின் மேல் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.